பெரிய இன நாய்க்குட்டிகளுக்கான மெல்பொருட்கள்

பெரிய இன நாய்க்குட்டிகளுக்கான மெல்பொருட்கள் என்பவை, முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 25 கிலோகிராமுக்கு மேல் எடை அடையும் நாயினங்களின் குட்டிகள் கடிப்பதற்கும் மெல்லுவதற்கும் கொடுக்கப்படும் பொருட்கள் ஆகும். பல் முளைக்கும் பருவத்தில் ஈறுகளில் தோன்றும் உறுத்தலைத் தணிக்கவும், வீட்டுப் பொருட்களைக் கடித்துச் சேதப்படுத்துவதைத் தவிர்க்கவும் இவை பயன்படுகின்றன. தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மெல்பொருள் பல் முறிவு, மூச்சுத்திணறல், குடலடைப்பு ஆகியவற்றை ஏற்படுத்தக்கூடும். இவற்றுள் குடலடைப்பு, உரிய நேரத்தில் கவனிக்கப்படாவிடின் உயிரிழப்பில் முடிவதாகும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கிடைக்கும் பொருட்களையும் அங்கு நிலவும் சூழலையும் அடிப்படையாகக் கொண்டு இப்பொருளை விவரிக்கிறது.

வட்டாரப் பின்னணி

தென்காசி மாவட்டம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள இப்பகுதி, தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டு நாயினங்களின் தாயகத்தை ஒட்டியுள்ளது. தென்காசி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள இராசபாளையத்தின் பெயரால் அழைக்கப்படும் இராசபாளையம் நாய் அவற்றுள் உருவில் பெரியது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்நாயின் தோள் உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள் நான்கு நாயினங்களுக்கு வெளியிட்ட அஞ்சல் தலைகளுள் ஒன்று இவ்வினத்திற்குரியது. கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் நிறுவனம் இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை மெலிந்த உடலும் குறுகிய முகமும் கொண்ட வேட்டை நாய்கள். உயரத்தில் பெரியவையாயினும் தாடையின் அகலம் குறைவு என்பதால் ஒரே உயரமுள்ள லாப்ரடார் குட்டிக்குப் பொருந்தும் மெல்பொருள் இவற்றிற்குப் பொருந்தாமல் போகலாம். இவ்வட்டார வீடுகளில் லாப்ரடார், செர்மன் செப்பர்டு, ராட்வீலர் போன்ற அயல் இனங்களும் வளர்க்கப்படுகின்றன. செல்லப் பிராணிக் கடைகளில் விற்கப்படும் மெல்பொருட்களின் உறையில் உள்ள எடை அளவுகள் பெரும்பாலும் இத்தகைய அயல் இனங்களை மனத்திற்கொண்டு அச்சிடப்பட்டவை.

பல் முளைப்பு

நாய்க்குட்டிகளுக்கு 28 பாற்பற்களும், வளர்ந்த நாய்களுக்கு 42 நிலைப்பற்களும் உண்டு. பாற்பற்கள் பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரையான காலத்தில் முளைக்கின்றன. இவை ஊசி போன்று கூர்மையானவை, ஆனால் மெல்லியவை. பாற்பற்களில் கடைவாய்ப் பற்கள் இல்லை. ஆகவே பொருளை அரைத்து நொறுக்கும் ஆற்றல் மிக இளைய குட்டிக்கு இல்லை. அது கிழிக்கும், இழுக்கும், பின்பு விழுங்க முயலும்.

நிலைப்பற்கள் மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில் முன்வாயிலுள்ள வெட்டுப்பற்களில் தொடங்கி ஏழாம் மாதத்திற்குள் முழுமையடைகின்றன. பெரிய இனங்களில் இது சற்று விரைவாகவே நிகழ்வதுண்டு. இக்காலத்தில் மெல்பொருளில் சிறிதளவு இரத்தக் கறை காணப்படுவதும், விழுந்த பாற்பல்லைக் குட்டி விழுங்கி விடுவதும் இயல்பானவை; இவற்றிற்குச் சிகிச்சை தேவையில்லை. மாறாக, பாற்பல் பாதியில் ஒடிந்து நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒடிந்த பல்லின் வழியே பரவும் தொற்று, அடியில் உருவாகிக் கொண்டிருக்கும் நிலைப்பல்லின் அரும்பைப் பாதிக்கக்கூடும்.

மெல்லும் வேகம் இரு கட்டங்களாகக் காணப்படுகிறது. முதலாவது, பல் மாறும் காலத்தில் ஈறு உறுத்தலால் ஏற்படுவது. இரண்டாவது, எல்லாப் பற்களும் முளைத்த பின்னர், தாடைத் தசைகள் வலுவடையும் வளரிளம் பருவத்திற்குரியது. பல் முளைத்து முடிந்தது, இனி ஆபத்தில்லை என்று கருதிக் கண்காணிப்பைத் தளர்த்தும் இவ்விரண்டாம் கட்டத்தில்தான் குட்டியின் கடிவலிமை மிகுகிறது.

கடினத்தன்மை

நாயின் பல்லைப் போர்த்தியுள்ள பற்சிப்பி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. மனிதப் பல்லில் இது 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். நாய்கள் எதையும் கடித்து உடைக்கவல்லவை என்ற பரவலான எண்ணம் இவ்வகையில் பிழையானது. மிகக் கடினமான பொருளைக் கடிக்கும்போது பெரும்பாலும் சேதமடைவது மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல் ஆகும். இறைச்சியை வெட்டுவதற்கான இப்பெரிய பல்லின் வெளிப்பக்கம் பலகை போலப் பெயர்ந்து விழுந்து பற்கூழ் வெளிப்பட்டுவிடும்.

கடினத்தன்மையை அறிய கால்நடை மருத்துவர்கள் கருவி எதுவும் தேவைப்படாத இரு எளிய சோதனைகளைக் கூறுகின்றனர். பெருவிரல் நகத்தால் அழுத்தும்போது பொருளின் மேல் சிறிதளவேனும் பள்ளம் விழ வேண்டும். அடுத்து, அப்பொருளால் தம் முழங்கால் சில்லில் அடித்துக்கொள்ள ஒருவர் தயங்குவாராயின் அது நாயின் பல்லுக்கும் ஆகாது. மாட்டுக்கொம்பு, குளம்பு, மான்கொம்பு, உலர்ந்த தொடையெலும்பு, கூழாங்கல் ஆகிய அனைத்தும் இச்சோதனைகளில் தோற்கின்றன. குற்றாலத்திலும் சிற்றாற்றின் கரையிலும் உலாவ அழைத்துச் செல்லப்படும் குட்டிகள் ஆற்றுக் கற்களை வாயில் கவ்விக்கொள்வதுண்டு. இது விளையாட்டாகத் தோன்றினாலும் பல் தேய்வதற்கும், கல் விழுங்கப்படுவதற்கும் வழிவகுக்கும்.

இமயமலைப் பகுதியில் யாக்கு, பசு ஆகியவற்றின் பாலிலிருந்து செய்யப்படும் சுர்ப்பி என்னும் உலர் பாற்கட்டியும் அண்மைக் காலத்தில் நாய்களுக்கான பண்டமாக விற்கப்படுகிறது. இது உண்ணத்தக்கது, செரிக்கக்கூடியது. எனினும் நகம் பதியாத அளவிற்குக் கடினமானது. நெடுநேரம் மென்று நுனி மென்மையான பின்னரே இது ஓரளவு பாதுகாப்பானதாகிறது. பல் மாறும் குட்டிக்கு இதைத் தவிர்ப்பது நல்லது.

அளவு

பெரிய இனக் குட்டிகளைப் பொறுத்தவரை மெல்பொருளின் அளவே மிகவும் கவனிக்கப்பட வேண்டியது. ஏனெனில் பொருள் மாறாமல் இருக்க, குட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஒரு கையில் ஏந்தக்கூடியதாக இருந்த குட்டி, ஆறு மாதத்தில் முன்பிருந்ததைப் போலப் பன்மடங்கு எடையும் அகன்ற வாயும் பெற்றிருக்கும். முதலில் பாதுகாப்பாக இருந்த பந்து இப்போது கோரைப்பற்களைத் தாண்டி நாவின் அடிப்பகுதிக்குச் சென்று மூச்சுக்குழல் வாயை அடைத்துக்கொள்ளும். வழுக்கும் எச்சிலால் அதை விரலால் பற்றி எடுப்பதும் கடினம்.

எனவே மெல்பொருள் குட்டியின் வாய்க்குள் முழுவதும் அடங்காததாகவும், முகவாயின் நீளத்தைவிட நீண்டதாகவும் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள மெல்பொருட்கள் அனைத்தையும் குட்டியின் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்து, சிறுத்துப்போனவற்றை அகற்றுவது நடைமுறையில் எளிய வழி. மென்று தேய்ந்து சிறுத்துப்போன பொருட்களுக்கும் இது பொருந்தும். கடைசித் துண்டு குட்டியிடம் விடப்படாமல் எடுக்கப்பட வேண்டும்.

தெருக்களில் மட்டைப்பந்து விளையாடும் சிறுவர்கள் விட்டுச்செல்லும் பழைய டென்னிசுப் பந்துகள் எல்லா ஊர்களிலும் நாய்க்குட்டிகளின் வாய்க்கு எட்டுகின்றன. இப்பந்தை ஒரு பெரிய நாயின் தாடை எளிதில் நசுக்கிவிடும். நசுங்கிய பந்து தொண்டைக்குள் சென்ற பின்னர் மீண்டும் விரியும். பந்தின் மேலுள்ள கம்பளி உறையில் மண் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்ப்பதும் உண்டு. எறிந்து எடுத்துவரச் செய்யும் விளையாட்டிற்கு இது பயன்படலாம். படுத்துக்கொண்டு மெல்லுவதற்கு உரியதன்று.

எலும்புகள்

நாய்க்கு எலும்பு கொடுப்பது தமிழகத்தில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கம். தென்காசி, செங்கோட்டை பகுதியில் கோழி உணவிற்குப் பெயர்பெற்ற கடைகள் பல உள்ளன. செங்கோட்டையை அடுத்த பிரானூரின் பரோட்டாக் கடைகளுக்கு வெளியூரிலிருந்தும் மக்கள் வருகின்றனர். கடையிலிருந்து வாங்கி வந்த கோழியின் எஞ்சிய எலும்புகள் இயல்பாகவே வீட்டு நாய்க்குச் செல்கின்றன.

சமைத்த எலும்பு, குறிப்பாகக் கோழியெலும்பு, எந்த வயது நாய்க்கும் கொடுக்கத் தகாதது. வெப்பத்தால் எலும்பின் ஈரமும் புரதமும் மாற்றமடைந்து அது நெகிழ்வுத் தன்மையை இழக்கிறது. கடிக்கும்போது நசுங்காமல் நீளவாட்டில் சிம்புகளாகப் பிளக்கிறது. இச்சிம்புகள் ஈறு, உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றைத் துளைக்கக்கூடும். தெரு நாய்கள் இவற்றைத் தின்று நலமாக இருக்கின்றனவே என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. தெருவில் இறந்துபோகும் நாயின் வயிற்றை எவரும் அறுத்துப் பார்ப்பதில்லை என்பதால் இவ்வாதம் எதையும் நிறுவுவதில்லை.

ஆட்டு நல்லி எலும்பில் வேறொரு சிக்கல் உள்ளது. வளையமாக வெட்டப்பட்ட நல்லித் துண்டு, உள்ளிருக்கும் மச்சையை நக்கும்போது கீழ்த்தாடையில் மாட்டி கோரைப்பற்களுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். குட்டி அச்சத்தில் துடிக்கும், தாடை வீங்கும், மயக்க மருந்து கொடுத்து எலும்பை அறுத்து எடுக்க வேண்டிய நிலையும் ஏற்படும்.

பச்சை எலும்பு சமைத்ததைவிடக் குறைவாகவே சிம்பாகப் பிளக்கும் என்றாலும், சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதில் இருக்கலாம். நாய் நலமாக இருப்பினும், அது எலும்பை மென்ற தரையில் தவழும் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு உண்டு. பன்றிக் காதுகளாலான நாய்ப் பண்டங்களின் வழியே 2019 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களுக்குச் சால்மோனெல்லா தொற்று ஏற்பட்டது.

கடைகளில் புகையூட்டி உறையிலிட்டு விற்கப்படும் எலும்புப் பண்டங்களும் விதிவிலக்கல்ல. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை இத்தகைய பண்டங்களால் நாய்கள் நோயுற்றதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திற்குச் சுமார் 68 முறையீடுகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 15 நாய்கள் இறந்ததாகக் கூறப்பட்டது.

சுண்ணாம்புச் சத்தும் எலும்பும்

"குட்டி உயரமாக வளர எலும்பு கொடுக்க வேண்டும்" என்னும் நம்பிக்கை பெரிய இன நாய் வளர்ப்போரிடையே வலுவாக உள்ளது. எலும்பு, முட்டை ஓட்டுத் தூள், கால்சியம் மருந்துநீர் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொடுப்போரும் உண்டு. உண்மையில் ஏறத்தாழ ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டியின் குடல், தேவைக்கு மிஞ்சிய கால்சியம் உட்புகுவதைத் தடுக்கும் திறனை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. மிகுந்த கால்சியம் வேகமாக வளரும் எலும்புகளின் இயல்பான உருவாக்கத்தைக் குலைத்து, மூட்டுக் குருத்தெலும்புக் கோளாறு, முன்கால் வளைவு போன்றவற்றிற்குக் காரணமாகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் இதனைக் காட்டின. முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 32 கிலோகிராமும் அதற்கு மேலும் எடை அடையும் குட்டிகளுக்கான உணவில் கால்சியம் உலர்நிறையில் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வரையறுத்துள்ளது.

நிறைவான குட்டி உணவை உண்ணும் குட்டிக்கு எலும்பு ஒரு சத்துத் தேவை அன்று. வெறும் சோறும் பாலும் மட்டுமே உண்ணும் குட்டியின் நிலை வேறு. அதற்குக் குறைபாடு இருக்கலாம். ஆனால் அதனை ஈடுசெய்யும் அளவைக் கால்நடை மருத்துவரே கூற வேண்டும்.

மான்கொம்பு

ஆண்டுதோறும் இயற்கையாக உதிரும் மான்கொம்புகள் பல நாடுகளில் நாய் மெல்பொருளாக விற்கப்படுகின்றன. இணையத்தில் இவற்றைப் பார்த்து, காட்டோரங்களில் கிடைக்கும் கொம்பைக் குட்டிக்குக் கொடுக்கலாம் என எண்ணுவோர் அறிய வேண்டியது இதுவாகும்: இந்தியாவில் இது சட்டத்திற்குப் புறம்பானது. குற்றாலத்தை ஒட்டிய மலைக்காடுகளில் மிளா எனப்படும் கடமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவற்றின் கொம்பை எடுப்பதோ, வைத்திருப்பதோ, விற்பதோ குற்றமாகும். விலங்கைக் கொல்லவில்லை, தானாக உதிர்ந்ததையே எடுத்தோம் என்பது விலக்காகாது. உதிர்ந்த கொம்புகளின் ஏற்றுமதிக்கும் 1998 இல் தடை விதிக்கப்பட்டது; உதிர்ந்தவை என்ற பெயரில் வேட்டையாடப்பட்ட மான்களின் கொம்புகளும் கலந்து விற்கப்படக்கூடும் என்பதே இத்தகைய தடைகளின் பின்னணியாகும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், முன்கூறிய நான்காம் முன்கடைவாய்ப் பல்லை முறிப்பதில் மான்கொம்பு முதன்மையான பொருட்களுள் ஒன்று.

தோல் பண்டங்கள்

கடைகளில் "சூ போன்" என்ற பெயரில் கிடைக்கும் முடிச்சிட்ட வெண்ணிற எலும்பு வடிவப் பண்டங்கள் பெரும்பாலும் எலும்பு அல்ல. மாடு, எருமை ஆகியவற்றின் தோலைத் தோல் பதனிடும் தொழிலுக்காகப் பிளக்கும்போது கிடைக்கும் உள் அடுக்கே இதன் மூலப்பொருள். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைத்து முடி நீக்கப்பட்டு, ஐதரசன் பெராக்சைடால் வெளுக்கப்பட்டு, முறுக்கி உலர்த்தப்படுகிறது. இந்தியாவிலிருந்து இவை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகின்றன.

உலர்ந்த நிலையில் கடினமாக உள்ள இத்தோல், எச்சில் பட்டதும் ஊறி வழுவழுப்பான பசை போன்ற தகடாகிறது. பெரிய இனக் குட்டி அதை மென்று முடிக்கும் பொறுமையின்றித் தகடாகவே விழுங்கிவிடும். இரைப்பையில் இது மெதுவாகவே கரையும். மேலும் ஊதிப் பருக்கும். தயாரிப்பின்போது பயன்படுத்தப்பட்ட கிருமிநீக்கி வேதிப்பொருள் எச்சத்தால் 2017 இல் அமெரிக்காவில் பெருமளவு தோல் பண்டங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உறையில் தயாரித்தவர், தொகுதி எண், நாள் எதுவுமின்றித் தளர்வாக விற்கப்படும் தோல் பண்டங்களைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவை

கடையில் வாங்கும் பொருட்களைவிட, எவரும் கொடுக்காமல் குட்டி தானாகக் கண்டெடுக்கும் பொருட்களே கூடுதல் ஆபத்தானவை.

தென்காசி வட்டாரத்தில் தென்னை மிகுதி. தேங்காய் மட்டையை நாய்க்குட்டிகள் விரும்பிக் கடிக்கும். நார் செரிக்காது, விழுங்கப்படும் நார் இரைப்பையில் பந்தாகத் திரளும். சிரட்டையின் உடைந்த விளிம்பு ஈறைக் கிழிக்கும். கயிற்றுத் தொழிலில் எஞ்சும் தேங்காய் நார்க்கயிறு இன்னும் தீயது. கயிறு, நூல், சணல், நைலான் இழை போன்ற நீளமான பொருளின் ஒரு முனை நாவடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழ்நோக்கி இழுக்கும்போது, குடல் சுருக்குப்பை வாய் போல மடிந்து அறுபடுகிறது.

கோடையில் மாங்கொட்டை, பலாக்கொட்டை, பனை மரமுள்ள இடங்களில் பனங்கொட்டை ஆகியவை கிடைக்கின்றன. குற்றாலத்தில் சாரல் பருவத்தில் விற்கப்படும் மங்குசுத்தான், இரம்புத்தான், துரியன் ஆகியவற்றின் கொட்டைகளும் தோல்களும் அருவிப் பாதைகளில் சிதறிக் கிடக்கும். வழுவழுப்பான மாங்கொட்டை, பெரிய குட்டியின் தொண்டையைக் கடந்து சிறுகுடலில் தங்கும் அளவிலேயே இருப்பது ஒரு தீயூழ். சுட்ட மக்காச்சோளம் விற்கும் இடங்களில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை எறியப்பட்டிருக்கும். நாய்களில் குடலடைப்பை ஏற்படுத்துவதில் இக்கட்டை பெயர்போனது; உண்ணும் பொருளின் மணம் இருப்பதால் குட்டி தயக்கமின்றித் துண்டுதுண்டாக விழுங்கும். கரும்புச் சக்கையும், வாழையிலையில் எஞ்சும் முருங்கைக்காய்ச் சக்கையும் இத்தகைய நார்ப்பொருட்களே.

குச்சிகளைக் கவ்வி ஓடுவது நாய்களின் இயல்பான விளையாட்டு. ஓடும்போது குச்சியின் ஒரு முனை தரையில் ஊன்றினால் மறுமுனை தொண்டையின் பின்சுவரைக் குத்தும். குச்சி எந்த மரத்தினுடையது என்பதும் கவனிக்கத்தக்கது. வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் நெடுஞ்சாலைகளின் நடுவிலும் வளர்க்கப்படும் அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. வெட்டிப் போட்ட அரளிக் கிளையை ஒரு குட்டி மென்றாலே போதும். தோட்டத்திற்கு உரமாக இடப்படும் ஆமணக்குப் புண்ணாக்கும் நாய்களைக் கவரும் மணமுடையது. அதிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு உயிர்க்கொல்லி.

பழைய செருப்பைக் குட்டிக்கு விளையாடக் கொடுப்பது இன்னொரு பரவலான வழக்கம். பழைய செருப்பிற்கும் புதிய செருப்பிற்கும் உள்ள வேறுபாட்டைக் குட்டி அறியாது. வாசலில் கழற்றிவிடும் விருந்தினரின் செருப்பு காணாமற் போவதற்குக் குட்டியைக் குறைகூற இயலாது.

இரப்பர் மெல்பொருட்கள்

இயற்கை இரப்பரால் செய்யப்பட்ட உள்ளீடற்ற மெல்பொருட்கள் பெரிய இனக் குட்டிகளுக்குப் பொதுவாகப் பொருத்தமானவை. இவ்வகையில் பெயர்பெற்ற காங் என்னும் பொருள் 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரால் உருவாக்கப்பட்டது. கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த அவருடைய செர்மன் செப்பர்டு நாய், பழுதுபார்த்துக் கொண்டிருந்த வோக்சுவாகன் வண்டியின் இரப்பர் பாகம் ஒன்றை விரும்பிக் கடித்ததே அதன் வடிவத்திற்குத் தூண்டுதலாயிற்று.

இத்தகைய பொருட்கள் குட்டிகளுக்கு, வளர்ந்த நாய்களுக்கு, வன்மையாகக் கடிக்கும் நாய்களுக்கு என வெவ்வேறு மென்மையில் தயாரிக்கப்படுகின்றன. இராசபாளையம் குட்டி உருவத்தில் வளர்ந்த நாயாகத் தோன்றினும், பல் மாறும் வரை குட்டிகளுக்குரிய மென்மையான வகையையே பெரிய அளவில் வாங்கிக் கொடுத்து, அதன்பின் அடுத்த வகைக்கு மாற வேண்டும். உள்ளீடற்ற பொருளில் இரு துளைகள் இருக்க வேண்டும். ஒரே துளையுடைய பந்துகளில் நாவை நுழைக்கும்போது காற்று வெற்றிடம் ஏற்பட்டு நாக்கு உள்ளே சிக்கி வீங்கிய நிகழ்வுகள் உண்டு. கீச்சொலி எழுப்பும் மலிவான நெகிழிப் பொம்மைகளைப் பெரிய குட்டி சில நிமிடங்களில் கிழித்து உள்ளிருக்கும் ஊதியை விழுங்கிவிடும்.

வளர்ந்த நாய்களுக்கான பல் தூய்மைப் பண்டங்களில் சிலவற்றிற்குக் கால்நடை வாய்நல மன்றம் என்னும் அமைப்பு 1997 முதல் ஆய்வு முடிவுகளின் அடிப்படையில் முத்திரை வழங்கி வருகிறது. அம்முத்திரை பல்லில் கறையும் காரையும் குறைவதைக் குறிப்பதாகும். குட்டிக்கு ஏற்ற அளவு எது என்பதை அது கூறாது.

வீட்டில் செய்யத்தக்கவை

ஈறு உறுத்தலுக்குக் குளிர்ச்சியே சிறந்த தணிப்பான். தடித்த பருத்தித் துணியை நனைத்து முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்துக் கொடுக்கலாம். பழைய வேட்டித் துணி இதற்குப் போதும். துணி இளகி நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். முழுமையான பெரிய கேரட்டைக் குளிரவைத்துக் கொடுப்பதும் நன்று. கேரட் துண்டாகும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும்.

இரப்பர் மெல்பொருளின் உள்ளே உணவு அடைத்து உறையவைத்தால் குட்டி நெடுநேரம் அமைதியாக ஈடுபட்டிருக்கும். அதற்கெனத் தனிப் பண்டங்கள் விற்கப்படினும், உப்பிடாத தயிர்சோறு, வேகவைத்த பூசணி, குட்டியின் அன்றாட உணவில் ஒரு பங்கு ஆகியவையே போதுமானவை. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்கலேட்டு, சைலிட்டால் சேர்ந்த இனிப்புகள் ஆகியன நாய்களுக்கு நஞ்சாகும். தாளித்த தயிர்சோற்றில் வெங்காயம் இருப்பின் அதைத் தவிர்க்க வேண்டும். உள்ளே அடைக்கும் உணவை அன்றைய உணவின் அளவிலிருந்து கழித்துக்கொள்ளாவிடின் குட்டி பருமனாகும். வேகமான எடைக் கூடுதல் பெரிய இனங்களின் மூட்டுகளுக்குக் கேடு.

குட்டி கடிக்கத் தகாத பொருளைக் கவ்வும்போது துரத்திப் பிடித்து வாயிலிருந்து பறிப்பது பயனளிக்காது. பறிபோகும் என அறிந்த குட்டி அடுத்தமுறை விரைந்து விழுங்கக் கற்றுக்கொள்கிறது. குடலடைப்பு நேர்வுகளில் சில இவ்வாறு உரிமையாளரின் பதற்றத்தால் நேர்பவை. மெல்பொருளையோ உணவையோ காட்டி மாற்றாகப் பெற்றுக்கொள்வதே பரிந்துரைக்கப்படும் முறை.

சாரல் காலமும் தூய்மையும்

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே வீசும்போது குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் பெய்கிறது. இக்காலத்தில் தோல் பண்டங்கள், உலர் எலும்பு, பிசுக்கோத்து வகைகள் சில நாட்களிலேயே பூசணம் பிடிக்கும். மெல்பொருட்களைக் காற்றுப்புகாத கலத்தில் வைத்தல், வெயில் கிடைக்கும்போது உலர்த்துதல், பூசணம் கண்டவற்றைச் சுரண்டிக் கொடுக்காமல் எறிந்துவிடுதல் ஆகியன தேவை.

பல் முளைக்கும் பருவமும் பார்வோ நச்சுயிரி மிகுதியாகத் தாக்கும் பருவமும் ஒன்றோடொன்று இணைந்தே வருகின்றன. இந்நச்சுயிரி பொருட்களின் மேல் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. சாதாரண சவர்க்காரத்தால் அழியாது. ஆகவே வேறொரு வீட்டில் பயன்படுத்திய மெல்பொருளை, குறிப்பாகக் குட்டி நோயுற்று இறந்த வீட்டிலிருந்து, வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. இரப்பர் பொருட்களைக் கழுவிய பின், வீட்டு வெளுப்பு நீர் ஒரு பங்கிற்கு 30 பங்கு நீர் சேர்த்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்கு அலசிக் காயவைக்கலாம்.

அறிகுறிகளும் சிகிச்சையும்

மீண்டும் மீண்டும் வாந்தி, உணவு மறுத்தல், வயிற்றைத் தொட்டால் வலி, முன்கால்களைத் தாழ்த்திப் பின்பகுதியை உயர்த்தி நிற்றல், மலம் கழிக்க முக்குதல், சோர்வு ஆகியவை குடலடைப்பின் அறிகுறிகள். இவை பார்வோ நோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் வீட்டில் பிரித்தறிய இயலாது. கூரிய பொருளை விழுங்கிய குட்டிக்கு உப்பு நீர் முதலியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது ஆபத்தானது. வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே குடல் அறுபடும்.

பல் முறிந்து பற்கூழ் வெளிப்பட்ட இளம் நாய்களில், 48 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கினால் பல்லை உயிருடன் காக்கும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் எஞ்சும் வழி. நாய்கள் பல்வலியைப் பெரிதும் மறைத்து வழக்கம்போல் உண்ணும் என்பதால், வாரம் ஒருமுறை உதட்டை உயர்த்திக் கடைவாய்ப் பகுதியைப் பார்த்து வர வேண்டும்.

எளிய சிகிச்சைகள் உள்ளூர்க் கால்நடை மருந்தகங்களில் கிடைக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நேர்வுகளுக்கு, 2012 இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டாரத்திற்கு அண்மையில் உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரி, தென்காசியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அமைந்துள்ளது. மருத்துவமனைக்குச் செல்லும்போது, குட்டி கடித்த பொருளின் எஞ்சிய துண்டை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். துணி, மென்மையான நெகிழி, மரம், மாங்கொட்டை ஆகியவை எக்சு-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. கையிலுள்ள துண்டே மருத்துவர் தேடவேண்டிய பொருளின் வடிவையும் அளவையும் காட்டும்.